ரஞ்சித் போட்ட கோடு

சோப்புப் போட்டுக் கழுவிக் கயிற்றில் காயப்போட்டிருந்த சிலிகான் பட்டையை இருசம்மாள் எடுத்து அடுப்பில் போட்டாள். அமுதவல்லி குளித்துவிட்டு வருவதற்குள் அது சுருண்டு வெள்ளைச் சாம்பலாகியிருந்தது. வீடு முழுக்கப் பழக்கமில்லாத ஒரு நாற்றம்.

“அத்தே, கயித்துல என் ஷீட்டு இருந்துதே?”

“இருந்துது.”

“எங்க?”

இருசம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மடவை மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே சொன்னாள். “சோறு வெந்துகினு கீது பாரு, அந்த அடுப்புல தேடு.”

வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நந்தினி சிரித்தாள். அவள் அந்த வீட்டின் மூத்த மருமகள், தாமோதரனின் மனைவி. “இன்னா அமுதா, ஷீட்டு ஷீட்டுன்னு பதர்ற. ஒரு சாண் ரப்பரு. அதுக்கு இன்னா ஒப்பாரி?”

“கைக்குக் குடுத்தது அக்கா. இனிமே அடுத்த செக்கப்புலதான் தருவாங்க.”

“கைக்கா, அழகுக்கா? ஊர்ல இன்னா பேசறாங்க தெரியுமா? புருசன் போய் வருசம் திரும்பல, தழும்புக்கு எண்ணெய் பூசிக்கினு குந்திகீறா, எவனுக்குக் காட்டவோன்றாங்க.”

அமுதவல்லி அடுப்பின் முன் குந்தினாள். இடது கை வழக்கம்போல மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கை அப்படித்தான். நீட்டச் சொன்னால் பாதி தூரம் வரும். பிறகு முழங்கை உள்மடிப்பில் இருக்கிற தழும்பு கயிறு போல விறைத்து எழும்பி, இதற்கு மேல் விடமாட்டேன் என்று நிற்கும்.

அந்தக் கை நீண்டால் அவள் இந்த வீட்டை விட்டுப் போகலாம். அன்னக்கூடையைத் தலைக்கு ஏற்ற இரண்டு கை வேண்டும், ஐஸ் பெட்டியைத் தூக்க இரண்டு கை வேண்டும். அவை இருந்தால் பழவேற்காட்டு மார்க்கெட்டில் உட்கார்ந்து இறால் விற்றுத் தனியாக ஒரு அறை பிடித்துப் பிழைத்துக்கொள்வாள். நீளாவிட்டால் இருசம்மாள் போடுகிற சோற்றைத் தின்று, நந்தினியின் பேச்சைக் கேட்டு, இங்கேயே கிடக்க வேண்டியதுதான். காட்டூரில் பிறந்த வீடு இருக்கிறது. பயிர் வைக்கிற வீடு. அவள் ரஞ்சித்தோடு குப்பத்துக்கு வந்த அன்றே அண்ணன் அந்த வாசலை அடைத்துவிட்டான்.

ரஞ்சித் போன ஐப்பசியில் செத்தான்.

ஏரியில் மீன் படுகிற நல்ல இடங்களுக்கு ஊர் முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். தன் முறையன்று வலை வைக்காதவன் அடுத்த சுற்று வரை காத்துக்கிடக்க வேண்டும். அன்றைக்கு ரஞ்சித்துக்கும் அவன் அண்ணன் தாமோதரனுக்கும் சேர்ந்த பாடு. இடம் முகத்துவாரத்துக்குப் பக்கம், எல்லோரும் ஆசைப்படுகிற இடம். தாமோதரன் முந்தின நாள் ஒரு கல்யாணத்துக்காக அனுப்பம்பட்டு போனவன், குடித்துவிட்டு அங்கேயே கிடந்தான். வலைக்குப் போகிற படகில் பெண் ஏறுவது அந்தக் குப்பத்தில் இல்லை. “நீ வாடி. ஒரு முனையப் புடிச்சிக்கினா போதும். எவன் பாக்கப் போறான்?” என்று ரஞ்சித் கூப்பிட்டான். அவள் போனாள்.

காற்று திரும்பியது. கடலில் இருந்து முகத்துவாரம் வழியே ஏறி வந்த அலை ஒன்று படகைப் புரட்டிப் போட்டது. வலை இரண்டு பேர் மேலும் விழுந்தது. கலங்கின தண்ணீருக்குள் கண் திறந்தும் ஒன்றும் தெரியவில்லை. தன் இடது கையைச் சுற்றி நைலான் இறுகியது தெரிந்தது. ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது தெரிந்தது. முழங்கையில் சில்லென்று ஏதோ ஓடியது. ரஞ்சித்தின் கத்தி. அவன் வலையை அறுத்தான். வலையோடு அவள் கையும் அறுபட்டது. அறுத்து விடுவித்து அவளை மேலே தள்ளினான். பக்கத்துப் பாட்டில் வலை வைத்திருந்தவர்கள் அவளை முடியைப் பிடித்துத் தூக்கினார்கள். அவனை மறுநாள் வலையோடு தூக்கினார்கள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுந்த தசையைச் சேர்த்துத் தைத்தார்கள். நல்ல வெட்டு, நேராக இருக்கிறது, நன்றாகச் சேரும் என்று அங்கே சொன்னார்கள். சேர்ந்தும் இருக்கும். தையல் பிரித்த மறுநாள் கருமாதி. முகத்துவாரத்தில் அவளை முழுக வைக்க வேண்டும் என்றார்கள்.

“கை நனையக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க அத்தே.”

“உப்புத் தண்ணி பட்டு ஆறாத புண்ணு எது? இந்தக் குப்பத்துல எவன் கைல வெட்டு இல்ல? அல்லாம் ஏரில கழுவி ஆறினதுதான்.”

அமுதவல்லியும் அதை நம்பினாள். திருக்கை முள் குத்தின காலை ரஞ்சித் ஏரியிலேயே அலம்பிக்கொண்டு வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். தானாகவே தண்ணீரில் இறங்கினாள். பெண்கள் தோளை அழுத்தி முக்கினார்கள். தையல் விட்ட இடத்தில் ஓரம் பிரிந்து, உள்ளே சிப்பிப் பொடியும் சேறும் போனது. இரண்டு நாளில் காய்ச்சல், சீழ். வாய் திறந்த புண்ணை மறுபடி தைக்க முடியாது, அடியிலிருந்து தானே நிரம்பி வரட்டும் என்று விட்டார்கள். நிரம்பி வந்தது, தேவைக்கு மேலேயே. நூல் போல இருந்திருக்க வேண்டிய தழும்பு விரல் தடிப்பில் சிவந்து புடைத்தது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை அவள் வாயால் செய்தாள். படகில் ஏறினவள் என்று ஊரே காறித் துப்பிக்கொண்டிருந்தபோது, மாமியாரின் மனம் ஆறட்டும் என்று அந்தக் கத்தியைப் பற்றிச் சொன்னாள். இது அவர் அறுத்தது அத்தே, என்னை வெளிய எடுக்க அறுத்தது என்றாள்.

இருசம்மாள் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து அதன்மேல் நெற்றியை வைத்து அழுதாள். அன்றிலிருந்து கை அவளுடையதாகிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். “கைய நீட்டு. பாருங்க, என் புள்ள போட்ட கோடு. சாவறப்போகூட பொண்டாட்டிய உட்டுட்டுப் போவல.” வந்தவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். சிலர் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அமுதவல்லி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர்கள் போனதும் இருசம்மாள் கையை விட்டுவிட்டு, “போ, போய் விறகு எடு,” என்பாள். அந்தக் கையோடு ஒட்டியிருந்த பெண்ணை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஜமுனா என்ற பெண் கைக்குப் பயிற்சி கொடுத்தாள். சின்ன வயசு. வளவளவென்று பேசுவாள்.

“புண்ணு ஆறிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்கக்கா. உள்ள அது இன்னும் கட்டிக்கிட்டே இருக்கு. உடைஞ்ச கரைக்கு அவசரத்துல மண்ணு கொட்டுவாங்க இல்ல, அந்த மாதிரி. எவ்ளோ வேணும்னு அதுக்குத் தெரியாது. கொட்டிக்கிட்டே இருக்கும். ஒரு வருஷம், சில பேருக்கு அதுக்கும் மேல. சிவப்பா, தடிப்பா, அரிக்கிற வரைக்கும் சொன்ன பேச்சு கேக்கும். வெளுத்து அடங்கிட்டா கேக்காது. அதுக்குள்ள நாம அதைப் பழக்கணும்.”

பழக்குவது என்றால் இதுதான். எண்ணெய் தொட்டுக் கட்டைவிரலால் தழும்பின் நிறம் போகிற அளவுக்கு அழுத்த வேண்டும். நீளமாக, குறுக்காக, வட்டமாக. மற்ற நேரம் சிலிகான் பட்டை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ராத்திரியில் கையை நீட்டி வைத்துப் பிளாஸ்டிக் கட்டையோடு கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். வெயில் பட்டால் கருத்துவிடும், முழுக்கை ஜாக்கெட் போட வேண்டும்.

“இதெல்லாம் பண்ணா அழிஞ்சிடுமா மேடம்?”

“அழியாது. அழிக்கிறேன்னு யாராச்சும் ட்யூபைக் காட்டினா வாங்காதீங்க. மங்கும், மெத்துனு ஆகும், அவ்ளோதான். நமக்குக் கை நீளணும். அதுதான் கணக்கு.”

அழியாது என்று கேட்டபோது அமுதவல்லிக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. ஏன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் வந்து, இது அழியாதாம், கை நீளத்தான் இதெல்லாம் என்று மட்டும் சொன்னாள். யாரும் நம்பவில்லை. வருஷத் தெவசம் முடிகிறவரை உடம்பில் எண்ணெய் படக் கூடாது என்று இருசம்மாள் கிண்ணத்தைப் பிடுங்கி ஊற்றினாள். ராத்திரிக் கட்டையை நந்தினியின் பிள்ளைகள் மட்டையாக்கிப் பந்து அடித்து உடைத்தார்கள். யாரும் தடுக்கவில்லை. மிஞ்சியிருந்தது பட்டை ஒன்றுதான். இப்போது அதுவும் போனது.

அமுதவல்லி அடுப்பின் முன்னாலிருந்து எழுந்தாள்.

“ஏன் அத்தே எரிச்சீங்க?”

“பள்ளிக்கூடத்துப் பசங்க ரப்பர் வெச்சி அழிக்கறா மாதிரி தெனம் வெச்சி வெச்சி அழிக்கிற. நான் பாத்துகினு இருக்கணுமா? அவன் கடைசியா செஞ்ச வேலடி அது. போட்டோல கீறது வேற, அது எந்தக் கடைக்காரனோ புடிச்சது. இது அவன் கையால போட்டது.”

“என் கைல போட்டது.”

“உன் கை! உன் கைய காப்பாத்தத்தான் அவன் பூட்டான். நெல்லுக் கொல்லைல பொறந்தவளுக்குப் படகுல இன்னாடி வேல? நீ ஏறாம இருந்தா அவன் ஏன் சாவறான்? கை நேரானா இன்னா பண்ணுவ, தெரியாதா எனக்கு? ஒரு நாள் விடிஞ்சா ஆளு இருக்க மாட்ட. என் புள்ள கோட்டையும் இட்டுகினு எவன் வூட்லயோ போய்ப் பூந்துக்குவ.”

“அத உடு அத்தே,” என்றாள் நந்தினி, “கை நேரானாகூட ராசி நேராவாது.”

அமுதவல்லி மாமியாரை நீங்க என்றுதான் பேசுவாள். காட்டூர்ப் பழக்கம். அதற்காகவும் குப்பத்தில் கேலி செய்வார்கள். அன்றைக்கு அது அவள் வாயில் வரவில்லை.

“அன்னைக்கு யாரு பாடு அத்தே? சொல்லு. ரெண்டு பேரு பாடு. ரஞ்சித்து ஒருத்தரு. இன்னொருத்தரு எங்க கெடந்தாரு? அவரு வந்திருந்தா நான் ஏன் ஏறப்போறேன்? அத உன் வாயால ஒரு நாள் கேட்டிருக்கியா?”

நந்தினியின் கையில் பாத்திரம் நின்றது. உள் அறையில் தாமோதரன் படுத்திருந்தான். டிவி சத்தம் திடீரென்று கூடியது.

இருசம்மாள் கையில் இருந்த மீனை அவள் முகத்தில் அடித்தாள். செதில் கன்னத்தில் ஒட்டியது. “உயிரோட கீறவன் மேலயும் கண்ணு வெக்கிறியா? ஒருத்தன முழுங்கினது பத்தாதா?”

அமுதவல்லி கன்னத்தைத் துடைத்தாள். “செவ்வாக்கெழம செக்கப்பு. ஷீட்டு எங்கன்னு கேப்பாங்க. நீயே வந்து சொல்லு, அடுப்புல போட்டேன்னு.”

“வரேன்டி. எந்த டாக்டரு என் புள்ள கோட்ட அழிக்கச் சொல்றான்னு நானும் பாக்கறேன்.”

சொன்னபடியே வந்தாள். பஸ்ஸில் தனியாகப் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பொன்னேரி வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று ஆபரேஷன் செய்கிற டாக்டரே சென்னையிலிருந்து வந்திருந்தார். கையை நீட்டச் சொன்னார். அளவுகோலை வைத்துப் பார்த்தார். பழைய அளவைப் பார்த்தார்.

“போன தடவையைவிடக் குறைஞ்சிருக்கே. மசாஜ் பண்றீங்களா?”

“இல்ல சார்.”

“ஷீட்?”

அமுதவல்லி மாமியாரைப் பார்த்தாள். இருசம்மாள் காலண்டரைப் பார்த்தாள்.

“இல்ல சார்.”

டாக்டர் தழும்பை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினார். “இப்படியே விட்டா ஆபரேஷன்தான்மா. இது மடிப்பைத் தாண்டி நேரா ஓடுது பாருங்க, அதான் கையை நீட்ட விடாம இழுக்குது.” சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தழும்பின் இரண்டு பக்கமும் கோணல் கோணலாக நீல மையில் வரைந்தார். “இந்தப் பழைய தழும்பை வெட்டி எடுத்துட்டு, தோலை இப்படி மாத்தி மாத்தி வெச்சுத் தைச்சிடுவோம். இழுப்பு விட்டுடும்.”

“எத எடுப்ப?” என்று கேட்டாள் இருசம்மாள்.

“தழும்பைம்மா.”

“எடுத்து?”

“எடுத்து என்ன பண்றது? வேஸ்ட்டுதான்.”

இருசம்மாள் பாய்ந்து வந்து அந்தக் கையைத் தன் பக்கம் இழுத்தாள். அமுதவல்லி வலியில் கத்தினாள். “வேஸ்ட்டா? என் புள்ள கோட்ட வேஸ்ட்டுன்றியா? வெட்டி வாளில போடுவியா? வெச்சிப்பாரு கைய!”

டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “இந்தம்மா யாரு?”

“மாமியாரு சார்.”

“ஓ,” என்றார் டாக்டர், அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லாதவர் போல.

ஜமுனா இரண்டு பேரையும் வெளியே பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்தாள். இருசம்மாள் முந்தானையில் எச்சிலைத் தொட்டு நீல மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது போகவில்லை.

“அம்மா, எடுக்கக் கூடாதுன்னா ஒரே வழிதான். கை தானா நீளணும். இன்னும் சிவப்பு இருக்கு, நேரம் இருக்கு. தேய்க்கணும், ஷீட் போடணும், ராத்திரி கட்டை கட்டணும்.”

“தேச்சா கோடு பூடுமா?”

“தேய்ச்சாப் போகாது. தேய்க்காம விட்டாத்தான் போகும், டாக்டர் கையால.”

“அந்த ரப்பரு?”

“அதுவும் அழிக்காதும்மா. தோல் காயாம மூடி வெக்கும். தடிப்பை அமுக்கும். கோடு கோடாவே இருக்கும்.”

ஜமுனா உள்ளே போய்ப் புதுப் பட்டை ஒன்றும் கட்டை ஒன்றும் கொண்டுவந்தாள். அமுதவல்லி கை நீட்டுவதற்குள் இருசம்மாள் வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருசம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி வழியில் கேட்டாள்: “இத ஏன்டி நீ சொல்லல?”

“சொன்னேன். எண்ணெய ஊத்தின. மீனால அடிச்ச.”

“ஒழுங்கா சொல்லணும்.”

மறுநாள் விடிந்ததும் இருசம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். “கைய குடு.”

“நானே தேச்சுக்குவேன்.”

“நீ தேச்ச லட்சணத்தத்தான் டாக்டரு அளந்தானே. குடு.”

சிப்பி பிளந்து, நண்டு ஓடு உடைத்து, எத்தனையோ வருஷம் மீன் செவுளைக் கிழித்த கட்டைவிரல்கள் அவை. தழும்பின்மேல் இறங்கியபோது அமுதவல்லிக்குப் பல் கூசியது.

“வலிக்குது.”

“வலிக்கட்டும்.”

“அவங்க நிறம் போற வரைக்கும்தான் சொன்னாங்க. எலும்பு வரைக்கும் சொல்லல.”

“வாய மூடு.”

வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். இருசம்மாள் பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் அமுதவல்லியிடம் பேசவில்லை. கோட்டோடு பேசினாள். “நைனா, உடுடா. புடிச்சிக்கினு இருக்காதடா. இன்னிக்கு மார்க்கெட்டுல நண்டு நல்லா கெடச்சுது. உனக்குத்தான் நண்டுன்னா உசுராச்சே. உடு நைனா, கொஞ்சம் கொஞ்சமா உடு.” ரஞ்சித் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படித்தான் கூப்பிடுவாளாம். அமுதவல்லி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் கட்டின மனைவியாக இருந்தும் அந்தக் கோட்டிடம் ஒரு வார்த்தை பேச அவளுக்கு இடம் இருக்கவில்லை. ஒருத்தி கோட்டை வைத்துக்கொள்ளத் தேய்த்தாள். மற்றவள் வீட்டை விட்டுப் போகத் தேய்க்கக் கொடுத்தாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தே தினமும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“இன்னா, மாமியாரு மருமவ ஒரே கொஞ்சலா கீது,” என்பாள் நந்தினி.

“நீயும் கைய வெட்டிக்கினு வா, உனக்கும் தேய்க்கறேன்,” என்பாள் இருசம்மாள். நந்தினியின் பிள்ளை ஒரு தடவை கட்டையைத் தொட்டபோது முதுகில் விழுந்த அடியில் அவன் ஒரு வாரம் பாட்டி பக்கமே வரவில்லை.

கை கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. முதலில் உட்கார்ந்தபடி முழங்காலைத் தொட்டது. பிறகு குடத்தின் கழுத்தைப் பிடித்தது. சிவப்பு மங்கி, தடிப்பு அமுங்கி, அரிப்பு நின்றது. ஆவணியில் டாக்டர் மறுபடி அளந்துவிட்டு, வெட்ட வேண்டாம் என்றார். இருசம்மாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். போகிறவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து, “இன்னா பாக்கற? பஸ்ஸு பூடும். நட,” என்றாள்.

அடுத்த வாரம் அமுதவல்லி அன்னக்கூடை நிறைய ஈர மணலை அள்ளித் தலைக்கு ஏற்றிப் பார்த்தாள். ஏறியது. இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். மார்க்கெட்டில் இறால் விற்கிற காசியம்மாளிடம் சொல்லி, அவள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை பேசினாள். துணியை மூட்டை கட்டினாள்.

இருசம்மாள் வாசலில் நின்றாள். “சொன்னனா இல்லியா? கைய சரி பண்ணிக் குடுத்தது யாரு?”

“கெடுத்ததும் நீதான். முகத்துவாரத்துல முக்கினது யாரு?”

“அது வழக்கம்.”

“இதுவும் வழக்கந்தான். கை இருக்கறவ உழைச்சுத் தின்னுவா.”

“போவட்டும் அத்தே,” என்றாள் நந்தினி உள்ளேயிருந்து. “கோட்ட மட்டும் வாங்கி வெச்சிக்க.”

அன்று தாமோதரன் முதல் தடவையாக அவள் எதிரில் வந்து நின்றான். எதையோ சொல்ல வாயெடுத்தான். அமுதவல்லி அவனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வலையைப் பார்க்கப் போய்விட்டான்.

இறால் வியாபாரம் அவளுக்கு வந்தது. மெதுவாகத்தான் வந்தது. படகு ஏறின பொம்பள என்று முதலில் யாரும் அவளிடம் சரக்கு போடவில்லை. காசியம்மாள் தன் பங்கில் கொஞ்சம் கொடுத்து உட்கார வைத்தாள். ராத்திரி படுக்கிறபோது அவளே எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொள்வாள். முதல் சில நாள் பேச்சே வரவில்லை. அப்புறம் ஒரு நாள், “இன்னிக்கு மழை,” என்று கோட்டிடம் சொன்னாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. விளக்கை அணைத்துவிட்டாள்.

வருஷத் தெவசத்துக்கு முந்தின நாள் இருசம்மாள் வந்தாள். தனியாக வரவில்லை. ஏரிக்கு வடக்கே தெலுங்குப் பக்கத்திலிருந்து தெவசத்துக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நனைந்த முக்காட்டோடு அவர்கள் சந்தில் நின்றார்கள். அமுதவல்லி அறை வாசலுக்கு வந்தாள்.

“இவதான்,” என்று அவர்களிடம் சொன்னாள் இருசம்மாள். “கைய காட்டு. இவங்க கருமாதிக்கு வர முடியல. பாக்கணும்னு வந்துகீறாங்க.”

“நாளைக்கு வர்றேன் அத்தே. அவருக்குப் படைக்க வருவேன். சோறு ஆக்கிப் போடுவேன். கையக் காட்ட மாட்டேன்.”

“இன்னாடி, புதுசா? எத்தினி பேருக்குக் காட்டிகீற.”

“நான் காட்டல. நீ காட்டின.”

“மூணு பஸ்ஸு மாறி வந்துகீறாங்க. மருவாதியா நவுரு. உள்ள குந்திப் பேசலாம்.”

“பேசறதுன்னா இங்கியே பேசு.”

வந்தவர்களில் வயதானவள், “வேண்டாம்மா, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்,” என்று முனகினாள். இருசம்மாளுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. “நான் தேச்ச கை. எம் புள்ள அறுத்த கை. உனக்கு இன்னா பாத்தியத அதுல?” என்று படியேறினாள்.

அமுதவல்லி இடது கையை நீட்டி வாசலின் எதிர் நிலைக்காலில் உள்ளங்கையை ஊன்றினாள். வாசல் அகலத்துக்கும் கை நேராக நின்றது. முழுக்கை ஜாக்கெட் மணிக்கட்டு வரை மூடியிருந்தது.

இருசம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். அது இவ்வளவு நீளும் என்று அவளுக்கே தெரியாது. கட்டைவிரலைத் துணிமேல் வைத்துத் தடவினாள். தடவாமலே அவளுக்கு இடம் தெரியும். மடிப்பில் விரல் நின்றது. மடக்குவதற்காகப் பலம் கொண்டமட்டும் அழுத்தினாள்.

“வலிக்குதா?” என்று கேட்டாள்.

“வலிக்குது.”

இன்னும் அழுத்தினாள். கை மடங்கவில்லை.